படத்தில் இல்லாத வாய்க்கால்

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? உங்கள் வட்டாரம் வழியாக வரப்போகும் மேம்பாலம்தான் ஓய்வுக்கு முன் என் கடைசி வேலை. முன்பெல்லாம் தலைமை அலுவலகத்தில் நாலு பேர் பேசி முடித்துவிடுவோம். இப்போது புதுச் சட்டமாம். வட்டாரக் குழு கை தூக்கினால்தான் தூண் நடலாமாம். பால்காரரும் தையல்காரியும் பாலத்துக்கு உத்தரவு போடுகிறார்கள், கொடுமை! நல்லவேளை, குழுவின் செயலர் நம் வீட்டு மனிதர். முப்பது வருடத்துக்கு முன் அதே இடத்துச் சாலைக்காக நீ வரைந்த நிலப்படத்தையே விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

மச்சான்

ஜூன் 9

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

அவளுக்குப் படியேறத்தான் முடியவில்லை. உங்கள் விண்ணப்பத்துக்குப் பதிவு எண் இட்டுவிட்டேன். ஒன்று கேட்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன், அதிகப்பிரசங்கித்தனமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலத்தை மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லதோ?

தங்கள் மாப்பிள்ளை

ஜூன் 13

மாப்பிள்ளை,

வாய்விட்டுச் சிரித்தேன். இன்னும் அதே பயந்தாங்கொள்ளிதானா நீ? வரைந்தவனுக்கே சந்தேகமா? கோடு போடுவது உன் வேலை; எங்கே போடுவது என்று சொல்வது என் வேலை. கூட்டத்துக்கு நானே வருகிறேன்.

மச்சான்

ஜூலை 2

மச்சானுக்கு,

நீங்கள் கூட்டத்தின் பாதியில் எழுந்து போனதால், மீதியை முறைப்படி தெரிவிக்கிறேன்.

என் பழைய அளவுக் குறிப்பேட்டைக் கூட்டத்தில் வாசித்தேன். மூன்றாம் தூணிலிருந்து ஆறாம் தூண்வரை மண்ணுக்கடியில் வாய்க்கால் ஓடுகிறது. அன்றே அதை வரைந்திருந்தேன். "அதை அழிச்சிடு, இல்லேன்னா சாலைக்கு அனுமதி கிடைக்காது" என்றீர்கள். அழித்தேன். சாலை உள்வாங்கியதும் விசாரணையில், "படத்துல வாய்க்காலே இல்லீங்க, வரைஞ்சவரைக் கேளுங்க" என்றவரும் நீங்கள்தான். இரண்டு வருடம் சஸ்பென்ஷனில் கிடந்தேன். உங்கள் தங்கை ஊரார் துணியைத் தைத்து அடுப்பெரித்தாள்.

நீங்கள் போன பிறகு பால்காரர் கேட்டார்: "ஏன் சார், அவ்வளவு பெரிய இன்ஜினியருக்கு அடியில தண்ணி ஓடுறது தெரியாதா?"

"தெரிஞ்சேதான் மறந்திருக்காரு, பாவம்" என்றார் தையல்கார அம்மா.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழு பேர் கைகளும் எதிராக உயர்ந்தன.

ஒன்றை மறைக்கக் கூடாது. வாய்க்கால் என்று ஒரு சொல் முன்பே உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீங்கள் ஏளனம் செய்து மறுக்கும்படியாகத்தான், தெரிந்தே, மறுபடி அளக்கலாமா என்று அப்படிக் கேட்டேன். இது தப்போ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தப்பாகவே இருக்கட்டும்.

இனி வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் குழுவுக்கு அனுப்பவும். எழுத்து மூலம் பதில் தரப்படும்.

செயலர்,
வட்டாரக் குழு