கறுத்த குளோவர் விதைகள்

ஏப்ரல், புதன்கிழமை

கோயில் பின்வளவில் மண்ணுக்குத் தழைப் பசளையாகக் குளோவர் என்ற செடியை விதைத்தோம். எங்களில் மூத்தவரான வசந்தி அக்காவின் பாத்தி பச்சைப் பாயாகக் கிடக்கிறது. என்னுடையதில் ஒன்பது முளைதான். இன்று தோட்டத்துக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் முன்னால் அக்கா சொன்னார்: "உம்மட கைக்கு ஒண்டும் முளைக்காது, பிள்ளை. பூக் கட்டுறதோட நில்லும்."

"விதைதான் வேறை, அக்கா" என்றேன்.

"விதையில என்ன கிடக்கு? எல்லாம் கைதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். தோட்டப் பொறுப்பையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பஸ் லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டுத் தரிப்பிடத்துக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

பருப்பில் கல் பொறுக்குவதுபோல விதையைச் சுளகில் இட்டுத் தெரிந்து பிரித்தவர் அக்காதான். மினுங்கும் மஞ்சளைத் தனக்கு வைத்துக்கொண்டு, பழுதென்று நினைத்த கறுப்பை எனக்குத் தந்தார்.

மிஞ்சிய விதையில் நிறத்துக்கு ஐம்பதாக எண்ணி, முந்தாநாள் ஈரக் கடதாசியில் வைத்தேன். மஞ்சளில் நாற்பத்துமூன்று ஊதிவிட்டன. கறுப்பில் ஆறுதான், மற்றவற்றின் தோலுக்குள் தண்ணீரே இறங்கவில்லை. ஆனால் பழுதில்லை. காலையில் சாண்ட் பேப்பரில் உரசி வைத்த கறுப்புகள், நான் வீடு திரும்புவதற்குள் ஊதியிருந்தன.

இதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை, எல்லாரும் நிற்கும்போது, உரசாத கறுப்பை அவரிடம் நீட்டி, "உங்கட கையால போட்டுக் காட்டுங்கோ, அக்கா" என்பேன். எல்லாம் கைதான் என்றவர் மறுக்க ஏலாது. பக்கத்திலேயே உரசியதை நான் போடுவேன்.

இந்த நினைப்புக்காகச் சாமியறையில் அம்மாளாச்சியிடம் மன்னிப்புக் கேட்க நின்றேன். கேட்காமலே கதவைச் சாத்திவிட்டு வந்தேன். முதலில் அக்கா கறுப்பைப் போடும் அந்தப் பாத்தி வெறுமண்ணாகக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். மன்னிப்பைப் பிறகு கேட்கலாம்.