உயிரோடு இருந்தவருக்குத் தேடிய மரணப் பதிவு

எனக்கு என்றைக்கும் பிரியமான அப்பா,

நீங்கள் போய் இரண்டாவது குளிர்காலமும் முடியப்போகிறது. ஸ்காபரோவில், எங்கள் மல்வேர்னில், பனி இன்னும் முற்றாகக் கரையவில்லை. பார்க்கிங்கின் மூலையில் கறுத்துப்போய்க் குவிந்து கிடக்கிறது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் தங்கச்சி, என் மாமி, உங்களோடு கோபம். "சின்னண்ணை அவசரப்பட்டிட்டார், இன்னும் கொஞ்சநாள் இருந்திருக்கலாம்" என்று உங்களைப் பற்றி உங்கள் படத்திடமே முறையிடுகிறார். அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒழுங்காகச் சொன்னால்தான் நம்புவீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகக் கதைத்தபோது நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அண்ணை செத்த திகதியை எப்பிடியாவது எடுத்துப்போடு ரவி. திதி தெரியாமல் ஆடி அமாவாசையிலேயே ஒப்பேத்திப்போட்டன்" என்றீர்கள். பெரியப்பாவை நான் கண்டதில்லை. நான் பிறக்க முதலே கப்பலில் சமையல்காரராகப் போனவர். அமெரிக்க ஏரிகளில் ஓடுகிற கப்பல்களில் வேலை செய்தவர். மிச்சிகன் பக்கத்துச் சின்னப் பட்டினம் ஒன்றிலிருந்து கடைசிப் போஸ்ட்காட் போட்டவர். பிறகு அவரோடு வேலை செய்த ஒருவர் ஊருக்கு வந்து, "சபாபதி அங்க காய்ச்சலில செத்திட்டான், அடக்கம் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். இதுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த முழுச் சரித்திரமும்.

ஆனால் அவருடைய திவசங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். மல்வேர்னுக்கு வந்தும் நீங்கள் ஒரு வருடம்கூட விடவில்லையே. சாம்பிராணி போட்டு, பில்டிங் முழுக்க அலாரம் அடித்து, ஃபயர் ட்ரக் வந்த வருடம் நினைவிருக்கிறதா? தொப்பி போட்ட அந்தப் பெரிய மனிதருக்கு நீங்கள் வடையும் பாயாசமும் கொடுத்து, "மை பிரதர் டெட்" என்றீர்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பல்கனியில் காகத்துக்கு வைத்த சோற்றை அணில் தின்றபோது, "அண்ணைக்கு நாடு மாறிப்போச்சு, உருவமும் மாறியிருக்கும்" என்று சமாதானம் சொன்னதும் நீங்கள்தான்.

உங்கள் சொல்லைக் காப்பாற்ற நான் முதலில் லைப்ரரிக்குப் போனேன். அங்கே இருந்த பெண், அமெரிக்காவில் பல இடங்களில் மரணப் பதிவு கவுன்டிக் கந்தோரில் இருக்கும், அங்கே எழுதிக் கேட்கலாம் என்றாள். கவுன்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி, அதன் கந்தோர் எங்கள் அரசாங்கக் கச்சேரி மாதிரி என்று மாமிக்கு விளங்கப்படுத்தினேன். "கச்சேரி எண்டால் ஆரையும் தெரிஞ்சிருக்க வேணுமே" என்றார் மாமி. எனக்கு மாலை வேலை என்றபடியால் காலையில் அந்தப் பட்டினத்துக் கவுன்டிக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர் டோரத்தி என்ற அம்மா. ஆங்கிலத்தில் நடந்த கதையை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"எப்ப செத்தவர்?"

"தெரியாது. அதைத்தான் கேக்கிறன்."

"சரி, கடைசிப் பேர் என்ன?"

"சபாபதி."

"முதல் பேர்?"

"அதுதான் பேர். சபாபதி. அதுக்கு முன்னால கந்தையா எண்டு வரும். அது அவற்ற அப்பாவின்ர பேர்."

டோரத்தி பேனையை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்பாவும் இங்கதான் செத்தவரோ?" என்று கேட்டார்.

"இல்லை, அவர் யாழ்ப்பாணத்தில செத்தவர். அவரை நாங்கள் தேடேல்லை."

"எனக்கு ஆறுதலாய் இருக்கு" என்றார் டோரத்தி.

தெரிந்ததை எல்லாம் எழுதி, கட்டணத்தோடு தபாலில் அனுப்பச் சொன்னார். பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதச் சொன்னார். கப்பலில் வெள்ளைக்காரர் உங்கள் அண்ணரை 'சாம்' என்று கூப்பிடுவார்கள் என்று நீங்கள் சொன்ன ஞாபகத்தில் அதையும் சேர்த்தேன்.

சில கிழமைகளில் ஒரு கடித உறை வந்தது. உள்ளே மரணச் சான்றிதழ் ஒன்று. மாமி டோர்செட் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓடி வந்தார். சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துத் திறக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர், 'சாமுவேல் பற்றி'; 'பற்றி' கடைசிப் பேர். தொழில், கமம்; விவசாயம்தான்.

"கமமோ? மண்வெட்டியைக் கண்டால் ஓடுற மனுசன்."

"பிள்ளைகள் ஏழு பேர், மாமி."

"ஏழோ!" மாமி நெஞ்சில் கையை வைத்தார். "ஏழு பிள்ளையளைப் பெத்துப்போட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

அடுத்த வரியில் பிறந்த இடம் அயர்லாந்து என்று இருந்தது. அதை நான் வாசித்து முடிப்பதற்குள் மாமி என் மனைவி வசந்தியின் போனை எடுத்துப் பாதி ஸ்காபரோவுக்கு அறிவித்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும், யாரென்றே தெரியாத அந்த ஐரிஷ் கமக்காரருக்காக எங்கள் வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வசந்தி தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனாள். "உவருக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்யவேணுமோ?" என்று என்னைக் கேட்டாள்.

நான் மறுபடியும் டோரத்திக்குப் போன் எடுத்தேன். "அம்மா, நீங்கள் அனுப்பினவர் நல்ல மனுசனாய்த்தான் இருந்திருப்பார். ஆனால் எங்கட ஆள் இல்லை. எங்கட ஆள் மண்ணிறம், சிலோன்காரர், கப்பலில சமையல் வேலை."

மறுபக்கம் கதிரை கிரீச்சிட்டது.

"சிலோனோ? கப்பல் சமையல்காரரோ? கொஞ்சம் கட்டையான ஆள், பெரிய குரல்?"

"நான் கண்டதில்லை."

"சாம் பதி எண்டு ஒருத்தர் இருக்கிறார். போன கிழமையும் வந்து இந்தக் கவுண்டரில நிண்டு சத்தம் போட்டவர். நாய்க்கு ஏன் வருசா வருசம் லைசன்ஸ் எண்டு."

"அம்மா, நான் தேடுறது செத்த ஆளை."

"ஓம், அதுதான் நானும் யோசிக்கிறன்" என்றார் டோரத்தி. "ஆனால் போன கிழமை பார்க்க அப்பிடித் தெரியேல்லை."

அப்பா, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கையில் ரிசீவரோடு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்துவிட்டேன். தன்னால் ஒருவருடைய இலக்கத்தைத் தரமுடியாது, ஆனால் என் இலக்கத்தை அவரிடம் கொடுக்கலாம் என்றார் அந்த அம்மா. நான் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கணத்தில் கேட்டார், "நாய் லைசன்சைப் பற்றி நீங்களும் அவருக்கு ஒருக்காச் சொல்லுவியளோ?"

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மாமியும் எங்களோடு இருந்தார். நான் எடுத்தேன்.

"ஹலோ. நான் கந்தையா சபாபதி பேசுகிறேன்." அவ்வளவு காலம் பாவிக்காத தமிழ், அப்பா. பழைய வானொலிச் செய்தி மாதிரித் திருத்தமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஆனால் குரல் உங்களுடையது. நான் வாய் திறக்குமுன் மாமி ரிசீவரைப் பறித்துவிட்டார்.

"நீங்கள் செத்திட்டியள்!"

"ஓம் பிள்ளை, தெரியும்." மாமியின் குரலைக் கேட்டதும் ஊர்த்தமிழ் தானாக வந்துவிட்டது.

"தெரியுமோ?"

"நான்தானே சொல்லி அனுப்பினனான்."

ரிசீவரை மாமி காதோடு ஒட்டிப் பிடிக்கவில்லை, அதனால் எனக்கும் கேட்டது. அந்தப் பட்டினத்தில் மார்கரெட் என்ற ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டியிருக்கிறார். வேற சமயம், வேற நிறம், முன்பே ஒருமுறை கல்யாணமான பெண். "கட்டிப்போட்டன் எண்டு எழுதினால் எங்களைப் பெத்த அப்பு மானத்தில செத்துப்போவார். நான் செத்திட்டன் எண்டால் அழுதிட்டு விட்டிடுவார். எது நல்லம் எண்டு யோசிச்சன்" என்றார். மார்கரெட் பெரியம்மா இப்போது இல்லை. பிள்ளைகளும் இல்லை. நாய்தான் இருக்கிறது.

"உங்களுக்கு வருசா வருசம் சமைச்சுப் படைச்சம், பாவி!" மாமி அழுதுகொண்டே கத்தினார். "சின்னண்ணை இந்தப் பனிநாட்டில வாழையிலை தேடி அலைஞ்சவர்!"

"படைச்சனீங்களோ? என்ன சமைச்சனீங்கள்?"

"கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, வாழைக்காய், பாகற்காய்..."

"பாகற்காய் எனக்குப் பிடியாதே."

"செத்த ஆள் வாய் காட்டக் கூடாது!" என்றார் மாமி.

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு மற்ற அறைக்கு ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவர் கேட்டார், "சரி சரி, ஏசினது காணும். தம்பி எங்க? அவனிட்டக் குடு. அவன் நல்லா ஏசுவான்."

மாமி ரிசீவரை என்னிடம் நீட்டினார். நான் சொன்னேன். நீங்கள் போன வருடம் குளிருக்குள் போய்விட்டீர்கள், நோவு அதிகம் இருக்கவில்லை, கடைசியாகக் கேட்டது அவருடைய திகதியைத்தான் என்று சொன்னேன்.

அவர் நாயை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"பொய்" என்றார் பிறகு. "செத்திட்டான் எண்டு சொல்லுறது லேசு, தம்பி. நானே சொன்னனான். எனக்குப் பேப்பர் வேணும்."

அப்பா, மரணப் பதிவு கேட்பதில் அதற்குள் நான் விண்ணன் ஆகிவிட்டிருந்தேன். எதை எப்படி எழுத வேண்டும் என்று பக்கத்து வீட்டாருக்கே சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் உங்களுக்கு நான் அதை எடுக்கவேயில்லை. இறுதிச்சடங்கு செய்த இடத்தில் தந்த கடுதாசியே வேலைகளுக்குப் போதுமாக இருந்தது. இப்போது விண்ணப்பத்தில் 'இறந்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. ஐரிஷ்காரருக்கு வந்த ஆட்களில் பாதிப்பேர் உங்களுக்கும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான். அப்போதெல்லாம் ஓடித்திரிந்த எனக்கு, அன்றைக்கு அந்தக் குசினி மேசையில் இருந்துதான் அழுகை வந்தது. வசந்தி வந்து பக்கத்தில் இருந்தாள். உங்கள் பெயரை அவள்தான் எழுதினாள்.

சான்றிதழ் வந்ததும் பெரியப்பா தன் பழைய ட்ரக்கில், நாயோடு, எல்லை தாண்டி வந்து சேர்ந்தார். மாமி நாயைக் கண்டு கட்டிலில் ஏறி நின்றபடிதான் அண்ணரை வரவேற்றார். அவர் கண்ணாடி போட்டு, கதிரையின் நுனியில் இருந்து, சான்றிதழை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். 'தகப்பன் பெயர் கந்தையா' என்ற இடத்தில் விரலை வைத்தார். "ஓம். என்ர தம்பிதான்" என்றார். பிறகு அழுதார் பாருங்கள், இரண்டு மாடி கீழே இருந்தவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மாமி கட்டிலால் இறங்கி வந்து, நாயையும் மறந்து, அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்.

ஒரு கிழமை நின்றார். போகும்போது மாமி கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலை முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போனார். நாய் பின்னால்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறார். உங்களைப் பற்றித்தான் கேட்கிறார், வருடம் வருடமாக, ஒழுங்காக. முதலில் அவர் கப்பலுக்குப் போனதற்கு அடுத்த வருடம். பிறகு அதற்கு அடுத்தது. என்னிடம் இல்லாததை மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன். நீங்கள் சைக்கிளில் விழுந்து பல்லுடைத்த கதையை அவர் நம்பவில்லை. "அவன் என்னைவிட நல்லா ஓடுவான்" என்கிறார். அம்மாவைப் பெண்பார்க்கப் போய், அடுத்த வீட்டுக்குள் போய் இருந்துவிட்ட கதையை மட்டும் உடனே நம்பினார். "அது தம்பிதான்" என்று சிரித்து, இருமி, இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

நாங்கள் இன்னும் உங்கள் கல்யாணத்தைத் தாண்டவில்லை, அப்பா. நீங்கள் செத்ததற்குத்தான் பேப்பர் இருக்கிறது. மற்றதுக்கெல்லாம் என் வாய்தான். ஒரு வருடத்தையும் பாயாமல், கூட்டாமல் குறைக்காமல் அவருக்குச் சொல்வேன். அவர் அவசரப்படுத்தினாலும் நான் அவசரப்படமாட்டேன். அவர் இன்னும் பல நாள் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகவே மெதுவாகச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

சபாபதியின் தம்பி பெற்ற மூத்தவன்,
உங்கள் ரவி