ஆணியில் தொங்கிய பேட்ஜ்

கீழ்பென்னாத்தூர்
12.8.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? மெஸ்ஸில் காரம் ஜாஸ்தி என்றீர்களே, தயிராவது வாங்கிக்கொள்ளுங்கள். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

இனியா போய் இன்றோடு நாற்பது நாள். ஏழு மாசக் குழந்தையின் இருதயத்தில் ஓட்டை விழ நான் என்ன பாவம் செய்தேன்? அம்மா இன்னும் சோற்றைத் தொடவில்லை. இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். "எந்தம்பிக்கே பொண்ணக் குடுத்தேன், என் ரத்தமே எம் பேத்திய வாரிக்கிட்டுப் போச்சு"னு மார்பில் அடித்துக்கொள்கிறாள். உங்கள் அக்காதானே, வந்து பார்க்கக் கூடாதா?

வேலூர் டாக்டர் உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, "எக்ஸ்ரே வேலையால அவர் மேல கதிர் எதுவும் படல, சொந்தத்துல கட்டினதுதான் காரணமா இருக்கும்"னு சொன்னாரே, அதைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நம்மைப் பிரித்துவிட்டு உங்களுக்கு அசலில் பெண் பார்க்கிறார்களாம். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை என் கையெழுத்து வாங்க விடுதலைப் பத்திரத்தோடு வருகிறார்கள்.

வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள் மாமா. அதை வைத்துக்கொண்டு ஊரையே எதிர்த்து நிற்பேன்.

உங்கள்
மதி


திருவண்ணாமலை
16.8.1997

என் மதிக்கு,

கையெழுத்துப் போடாதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அந்த ரிப்போர்ட் பொய். எக்ஸ்ரே எடுப்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் தருவார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதுதான் காட்டும். நான் குத்திக்கொள்வதே இல்லை. நாலு வருஷமாக அது வெளி அறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. பௌர்ணமி வந்தால் மலை சுற்றும்போது விழுந்தவர்கள் வரிசையாக வருவார்கள். வலியில் துடிக்கிறவர்களை நான் பிடித்துக்கொள்ள, ஆயா பொத்தானை அமுக்குவார். அளவு ஏறினால் வேலையை விட்டு உட்காரவைத்துவிடுவார்களே என்று பயம்.

இங்கே பெரிய டாக்டரிடம் இப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "கொஞ்சம் கொஞ்சமா பட்டது கொழந்தை வரைக்கும் போச்சான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா. அதுவா இருக்கலாம், உறவா இருக்கலாம், ரெண்டும் இல்லாமயும் இருக்கலாம்" என்றார். யாருக்கும் தெரியாத ஒன்றை உன் தலையிலும் அக்கா தலையிலும் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா முகத்தில் விழிக்க முடியாமல்தான் வரவில்லை.

திட்டு மதி, செருப்பால் அடி. விட்டுவிட்டு மட்டும் போகாதே.

தசரதன்


கீழ்பென்னாத்தூர்
23.8.1997

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமையே வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும், "கொஞ்சம் சோறு போடு மதி" என்றாள். ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். குழந்தை போனதிலிருந்து அவள் சோறு தின்றது அன்றைக்குத்தான்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பேட்ஜுக்காக இல்லை. வேலை போய்விடுமே என்று செய்தது எனக்குப் புரியாதா? இனியா எதனால் போனாள் என்றும் இனிமேல் கேட்கமாட்டேன். ஆனால் கூடப் பிறந்தவள் பட்டினி கிடக்கிறாள் என்று இரண்டு தடவை எழுதியும் சும்மா இருந்தீர்களே, அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் நான் எப்படிக் குடித்தனம் செய்வேன்?

உங்களுக்கு வரப்போகிற பெண்ணிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொள்ளுங்கள்.

அம்மா அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவியதும் உங்களைத்தான் கேட்டாள். எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்: "அவன் சாப்பிட்டானா?"

உங்கள் அக்கா மகள்
மதிவதனி