மூடியின் உட்புறம்

14.2.1986
குருநகர் மீனவன் பிலிப்பு இன்று ஒரு பொன் முலாம் கைமணிக்கூடு கொண்டுவந்தான். பொத்தானை அமத்தினால் நேரம் எண்ணும் பழைய ரகம். என் அலுமாரியில் இது பதினோராவது. "ஆளில்லாத வள்ளம் ஒண்டு ஒதுங்கினது, ஐயா. இறுக மூடின தகரப் பேணிக்குள்ளை இருந்தது" என்றான். எண்ணும் முள்கள் எங்கேயோ நின்றிருந்தன. எங்கே என்று பார்க்கவில்லை. கைப்பழக்கம் — வாங்கியதும் எல்லாவற்றையும் பூச்சியத்துக்குத் தட்டிவிட்டேன். முலாம் அருமை.

15.2
பின்மூடியைத் திறந்தேன். எண்ணெய் போட்டால் உட்புறத்தில் திகதி கீறிவைப்பது என் வழக்கம். அங்கே என் கையெழுத்து. 9.11.85. தம்பி தியாகராசாவுக்கு நான் கொடுத்தது, அவன் புறப்பட முதல்நாள். இந்த ரகம் எத்தனையோ என் கையால் போனதில் நேற்று அடையாளம் தெரியவில்லை.

மாதகல் கரையில் பொத்தானை அமத்திவிட்டுத்தான் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினான். "அக்கரை சேர்ந்துதான் நிப்பாட்டுவன், அண்ணை." மூன்று மாதமாகக் கடிதமில்லை. எவ்வளவு நேரம் ஓடியது என்று அந்த முள்கள் சொல்லியிருக்கும். அரைமணியா? அக்கரை சேருமளவா? அழிச்சுப்போட்டனே. விசரன். படுவிசரன் நான்.

16.2
தம்பி பெண்சாதி மகாதேவியிடம் சொல்லவில்லை. இன்றும் அவனுக்குச் சோறு எடுத்து மூடிவைத்தாள்.

19.2
காலையில் அலுமாரியைத் திறந்தால் எண்ணும் முள் ஓடுகிறது. பூட்டியது பூட்டியபடி, சாவி என் இடுப்பில். பொத்தான் பழுதாக்கும். ஆனால் நான் அதை முறுக்கவே இல்லையே?

20.2
நிறுத்தினேன். பின்னேரம் பார்த்தால் ஓடுகிறது. தொடப் பயமாக இருக்கிறது.

22.2
"அத்தான், அலுமாரிக்குள்ளை என்ன ஓடுது? மூண்டு நாளாய்க் கேக்குது" என்றாள் மகாதேவி. காட்டினேன். அவனுடையது என்று கண்டதும் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது கைக்கு வரேக்கை எவ்வளவு காட்டினது?"

"மூண்டு மணித்தியாலம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்?

"அப்ப அக்கரை சேர்ந்திட்டார்." சிரித்தாள். அவன் போனபிறகு முதல் சிரிப்பு.

9.3
தேடிப் போகிறாளாம். மறித்தேன், கெஞ்சினேன். "சேர்ந்திட்டார் எண்டு தெரிஞ்சும் இருக்கச் சொல்லுறியளோ? நீங்கள்தானே பாத்தனீங்கள்" என்றாள். நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமல் போயிற்று.

12.3
மாதகல் கரை. மணிக்கூடு அவள் கையில். பொத்தானை அமத்தினாள்.

"அக்கரை சேர்ந்து நிப்பாட்டுறன், அத்தான்."

28.5
கடிதமில்லை. காலையில் பிலிப்பு வாசல் படலையில் நின்றான். கையில் ஒரு பேணி. "பொன் முலாம், ஐயா. நல்ல சாமான்."

இனி மணிக்கூடு சேர்ப்பதில்லை என்று சொன்னேன். பேணியைத் திறக்க விடவில்லை.