கடுங்காப்பி நிறம்

1958 ஏப்ரல் 25, வெள்ளி

காலையிலேயே அனல். குழாயில் காற்றுதான். பெருநாள் சேமியா ஒருவழியாகத் தீர்ந்தது.

ஜும்மா முடிந்து தாலிம் திறப்பு. நோன்பு மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்த உடற்பயிற்சிக் கூடம். திறக்கிற அன்று, நோன்புக்கு முன்னால் எடுத்த பஸ்கி அத்தனையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழ வேண்டும், அது அங்கே பழக்கிவிடும் உஸ்தாது வைத்த வழக்கம். முடிகிறவரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு ஐந்நூறு. ஒரு மாதம் பட்டினி கிடந்த உடம்பு!

"செத்த குறைச்சுத்தான் எடுங்களேன்."

"உஸ்தாது மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

ஐந்நூறும் எடுத்தாராம். வாசற்படி ஏற நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு.

26, சனி

தொடை இரண்டும் கல். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தோல் மண்டிக்கு வேலைக்குப் போகவில்லை. மாமி நல்லெண்ணெய் காய்ச்சி மகன் தொடையில் தேய்த்தார். தொட்டதற்கே அலறல்.

சாயங்காலம் உஸ்தாது வாசலில். "வலிய வலியாலதான்ப்பா எடுக்கணும். வா, இன்னைக்குப் பாதி எடு." நொண்டி நொண்டிப் போனார்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வாங்க: வெந்தயம், மண்ணெண்ணெய், சீயக்காய்.

27, ஞாயிறு

எழுந்து நிற்கவே முடியவில்லை. தொடை வீங்கி மினுமினுப்பு. இரண்டு முறை வாந்தி. இதுவரை சுவரைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் தனியாகப் போய்வந்தவர், இன்று பேசின் கேட்டார். வெள்ளை இனாமல் பேசின். அடியில் கொஞ்சூண்டு மூத்திரம். பால் விடாத கடுங்காப்பி நிறம்.

"எப்பருந்து இப்படி?"

"நேத்துக் காலையிலருந்து. உஸ்தாதுட்டச் சொன்னேன். சூடு எறங்குது, நல்லதுதான்னாரு."

மாமியும் அதே பாட்டு. "நோன்புச் சூடுடி. இளநி குடு, சரியாயிரும்."

கொடுத்தேன். மோரும் கொடுத்தேன். மத்தியானம் முன்னைவிடக் குறைவு, முன்னைவிடக் கறுப்பு. குடித்த தண்ணீரெல்லாம் எங்கே போனது? சூடு இறங்கினால் நிறம் வெளுக்க வேண்டாமா? நானும் மாமியும்தான் நோன்பு இருந்தோம், எங்களுக்கு ஏன் இல்லை? பஸ்கி எடுத்தவருக்கு மட்டும் என்ன நோன்புச் சூடு?

ஜட்கா பிடித்து வரச் சொன்னேன். மூத்திரத்தைச் சோடா பாட்டிலில் ஊற்றி, போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டேன். "அதத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போறியா? மானம் போகுது!" மாமி. போகட்டும் மானம்.

மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்தார். "ரத்தம் மாதிரி இருக்கு, ஆனா ரத்த அணு ஒண்ணுமில்ல. என்ன வேலை செஞ்சார்?" பஸ்கி என்றேன். தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"தசை உடைஞ்சிருக்கும்மா. உடைஞ்ச தசையோட சாயம் ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்குது. இடிபாட்டுல கால் நசுங்கினவங்களுக்கு இப்படி வரும். வெறும் வலின்னா தானா போயிரும், இது வேற. நிறத்தைப் பார்த்ததும் வந்திருக்கணும்."

கையில் சலைன். குடிக்க சோடா உப்புத் தண்ணீர். இனி மூத்திரம் வந்தால் பிழைத்தார் என்றார். வராவிட்டால்?

28, திங்கள்

பாட்டில் பாட்டிலாக உள்ளே போகிறது. வெளியே ஒன்றும் இல்லை. முகம் உப்பல். கண்ணைத் திறந்து, "மண்டியில லீவு சொன்னியா?" கவலையைப் பார்!

பயம். யா அல்லாஹ், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மாமி பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுகிறார். காலையிலிருந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான், "சாப்டியா?"

மத்தியானம் உஸ்தாது. கையில் பாதாமும் முட்டையும். வைய வேண்டியதெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். முதலில் கட்டிலடியில் இருந்த சோடா பாட்டிலை எடுத்து நீட்டினேன். "பாருங்க. எறங்கினது சூடு இல்ல. உங்க சிஷ்யரோட தொடைச் சதை."

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருசம் தெறப்பு முடிஞ்சு வடமதுரப் பய ஒருத்தன் மவுத்தாயிட்டாம்மா. காமாலைன்னு சொல்லி அடக்கம் பண்ணிட்டோம்."

"அவனுக்கு?"

"இதே நெறந்தான். எங்கிட்டத்தான் காட்டுனான். நல்லதுடான்னு நாந்தான் சொன்னேன்."

பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டிலடியில் வைத்தேன். அவர் எழுந்தார். "வெள்ளிக்கிழம எடுத்தவனுக இன்னும் இருக்கானுக. ஒவ்வொருத்தன் வீடா போறேன்." பாதாம் பொட்டலம் தரையிலேயே.

29, செவ்வாய்

விடிகாலை சுபுஹுக்குப் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். "ஏய்… வருது."

பேசின் பிடித்தேன். முதலில் சொட்டு. பிறகு, அல்ஹம்துலில்லாஹ், நிற்கவே இல்லை. பேசினில் பாதி. டீ நிறம். டீதான், காப்பி இல்லை!

துப்பட்டி எங்கே விழுந்ததோ தெரியாது. பேசினோடு வார்டு நடுவே ஓடினேன். "டாக்டரம்மா! ஒண்ணுக்குப் போயிட்டாரு! எங்க வீட்டுக்காரரு ஒண்ணுக்குப் போயிட்டாரு!"

அத்தனை கட்டிலிலிருந்தும் ஆண்கள் எழுந்து பார்த்தார்கள். மாமி பின்னாலேயே ஓடிவந்தார். மானம் போகிறது என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "சிந்திராதடி, ரெண்டு கையாலயும் பிடி!"