குண்டூசி டப்பா

காஜா பேராங், மலாக்கா
14-9-1958

அன்பு மகள் விஜயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க விநாயகரை வேண்டுகிறோம். அம்மா உனக்காக மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறாள், கப்பலில் வரும் ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புவோம். எனக்கு மனசுதான் சரியில்லை, உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

நீ இங்கிலாந்துக்குப் படிக்கப் போகுமுன் நம் படிப்பகத்தில் ஒரு பலகை மாட்டி, யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதி அதில் குத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். முதலில் அப்படித்தான் நடந்தது. பிறகு தினமும் எழுதுகிறவர்களின் சீட்டு கண்ணுக்கு நேரே ஏறியது, அவர்களை மெச்சி எழுதியவர்கள் அதற்கடுத்து, புதிதாக வந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே. யாரும் சட்டம் போடவில்லை அம்மா, தானாக அமைந்துவிட்டது. குண்டூசி டப்பா என் கையில் இருந்ததால் என்னை ஐயா என்றார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. எழுத வந்து மூன்று மாதம் ஆகாதவர்கள் கீழேதான் என்று நானே ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

போன மாதம் பொன்னம்மா என்று ஒரு பெண் வந்தாள், எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்து குமாஸ்தா வீடுகளில் துணி துவைக்கிறவள். வெள்ளிக்கிழமை காலை புக்கிட் பாருவில் குடியுரிமைப் பதிவு, அன்று ஒரு நாள்தான் என்று பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்தாள். ஐயா இத மேல குத்துங்க, அவசரம் என்றாள். நேற்று வந்தவளுக்கு மேலிடமா என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டுக் கடைசி வரிசையில் குத்தினேன். யாரும் குனிந்து படிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. நமக்கு முன்பே பதிவாகிவிட்டது அல்லவா. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. மலாய் மொழிப் பரீட்சை இல்லாமல் குடியுரிமை பதிவது அந்த மாதத்தோடு முடிந்துவிட்டது. பதியாமல் போனவர்களில் நம் பக்கத்து வீட்டு அப்பாசாமியும் ஒருவர். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டினவன், இப்ப நான் எந்த ஊர்க்காரன்னு சொல்லுங்கய்யா என்று என்னிடமே வந்து கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு வாரமாகப் பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன்.

தப்பு என்னுடையது என்று ஒரு சீட்டு எழுதினேன். அதையும் கடைசி வரிசையில்தான் குத்தினேன், பார் என் யோக்கியதையை. மூன்று நாளாக ஒருவரும் பார்க்கவில்லை. நேற்று பொன்னம்மா குனிந்து படித்தாள். இதையாவது மேல குத்துங்கய்யா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என் கை எழவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். பலகையின் உச்சியில் இரண்டு வருஷமாக உன் கடிதங்களைத்தான் குத்தி வைத்திருக்கிறேன், என் மகள் எழுதியது என்ற பெருமையில். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே போய் அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் சீட்டைக் குத்தப் போகிறேன். கோபிக்காதே அம்மா.

இப்படிக்கு உன் அப்பா,
கலியாணசுந்தரம்