கொட்டை நீக்கியது

அன்பு மனைவி சவோதத்துக்கு, ரஷ்யாவின் சமாராவிலிருந்து ஹோமித்ஜானின் சலாம். நீயும் அம்மாவும் சுகந்தானே? என் இருமல் போய்விட்டது, கவலைப்படாதே.

நேற்று இங்கே ஒரு கூத்து. பழத்தைப் பெட்டியில் அடைக்கும் எங்கள் கிட்டங்கியில் ஒரு மூட்டையைப் பிரித்தால், நம் ஊர் இஸ்ஃபாராவின் உலர்ந்த ஆப்ரிகாட்! மேஸ்திரி வதீம் ஒன்றைப் பிதுக்கிப் பார்த்துக் கத்தினான்.

"கொட்டைய எடுக்காமலே அனுப்பியிருக்கானுங்க, சோம்பேறிப் பயலுங்க!"

"எடுத்து, உடைச்சு, பருப்ப மட்டும் திரும்ப உள்ள வச்சிருக்கு மேஸ்திரி. எங்க ஊர்ப் பொம்பளைங்க கைவேலை. தின்னு பாருங்க."

ஆறு பழம் தின்றான். "ருசியாத்தான் இருக்கு. ஆனா பெட்டியில 'கொட்டை நீக்கியது'ன்னு அச்சடிச்சாச்சே. பருப்பத் தோண்டிப் போடு."

நாள் முழுக்கத் தோண்டினேன். நீயும் பக்கத்து வீட்டுப் பெண்களும் முதுகொடிய உட்கார்ந்து வைத்ததை நானே பிடுங்கிக் குப்பையில் போட்டேன். பெட்டியில் நம் ஊர்ப் பெயர்கூட இல்லை. பழம் நம்முடையது, உழைப்பு உங்களுடையது; அது என்னவென்று சொல்லும் உரிமை மட்டும் அச்சடிக்கிறவனுக்கா? அந்தப் பெட்டியை நம் ஊரிலேயே அடைத்து அனுப்பினால் தெருவே பிழைக்குமே! நான் ஏன் இந்தக் குளிரில் கிடக்க வேண்டும்?

இந்த வருஷம் வியாபாரிக்கு மூட்டையாகத் தராதே. பெண்கள் ஒன்றுசேர்ந்து நீங்களே பெட்டி போடுங்கள். எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பு. அதற்குள் நீ பருப்பு வைத்த பழம் ஒரு கைப்பிடி.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. பெட்டியில் 'பருப்பு வைத்தது, இஸ்ஃபாரா' என்று பெரிதாகப் போடுங்கள். இனி எவனாவது தோண்டச் சொன்னால், பெட்டியைத் திருப்பி, வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன்.